காதுக்கு முதல் பிரதி

“ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ...”

ஆடி பிறந்ததை எனக்குக் காலண்டர் சொல்வதில்லை. ஜங்ஷன் ரோட்டு மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் சொல்கிறது. அந்தக் கரகரப்பு டீக்கடை பாய்லரின் சீறலைத் தாண்டி, திட்டக்குடி பஸ்ஸின் ஹாரனைத் தாண்டி வந்து என் கடையின் கண்ணாடிக் கதவை நடுங்கவைக்கும்போது, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வெயிலைப் பார்க்கிறேன். அந்த வெயிலுக்குள்ளிருந்து ஒரு பெண்மணி குடையை மடக்கியபடி படியேறி வரவேண்டும். “கேட்டியா கவிஞரே, சாமிக்குக் காது மந்தம்னு இந்த ஊரே முடிவு பண்ணிடுச்சு” என்று ஆரம்பிக்கவேண்டும்.

இனி வரமாட்டார். போன வருஷம் சென்னையில் இறந்துபோனார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குக் காரணமும் அவர்தான்.

சென்னைக்காரர். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர். கோயில், எழுத்து, குழம்பு, குடும்பம், பஸ் ஸ்டாண்டு கழிப்பறை என்று எதைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஏதாவது ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் இல்லையென்றால், அது ஏன் அபிப்பிராயத்துக்கு லாயக்கில்லாதது என்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. கணவருக்கு ரயில்வேயில் வேலை. மாற்றலாகி எங்கள் விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வந்தார்கள். வந்த வாரமே கையால் எழுதிய தாள்களோடு என் டி.டி.பி. கடைக்குள் நுழைந்துவிட்டார். நான் அடித்துப் பத்திரிகைக்கு மெயில் அனுப்பவேண்டும்.

“வாங்க மேடம்” என்றேன்.

“மேடம்னு கூப்பிட்டா எனக்கு யாரோ டை கட்டிவிட்ட மாதிரி கழுத்து இறுகுது. அக்கான்னு சொல்லு.”

எனக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நாலைந்து வயது மூத்தவராக இருந்திருக்கலாம். கேட்டதில்லை. கேட்டிருந்தால், பெண்களிடம் வயது கேட்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரையை நானே அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வாய்த்ததோ உட்காரும் வேலை. கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில், அதே கீபோர்டில், என் கவிதைகளை அடித்து ஒளித்துவைப்பேன். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் நான் டீ வாங்கப் போன நேரத்தில் திரையில் இருந்ததைப் படித்துவிட்டு, “கவிஞரே” என்று முதல்முறையாக அழைத்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் கவிதையில நிலா வேலைக்கு வராமலே சம்பளம் வாங்குது.”

“உங்க கட்டுரையில கோவம் ஓவர்டைம் பாக்குது” என்றேன்.

தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் குரலுக்கு வாசல், சுவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் செய்துவந்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். யாரைக் குறைசொல்லி எழுதினாலும், அச்சுக்கு அனுப்பும் முன், அந்த ஆளிடமே நேரில் போய் முழுக் கட்டுரையையும் வாய்விட்டுப் படித்துக்காட்டுவார். “காதுக்கு முதல் பிரதி” என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கேட்டவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் கட்டுரை கிடையாது. மந்திரிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும் மட்டும் இந்தச் சலுகை இல்லை. “அவங்களுக்குத்தான் சொந்தமா மைக் இருக்கே” என்பார்.

“எதுக்குக்கா இந்த வம்பு?” என்று கேட்டேன்.

“முதுகுக்குப் பின்னாடி பேசினா புறணி. அதையே பேப்பர்ல போட்டா மட்டும் இலக்கியம் ஆயிடுமா?”

எங்கள் தெருவில் முதல் பிரதி கிடைத்தது ஒரு சவுண்டு சர்வீஸ்காரருக்கு. ஆடிக் கூழ் ஊற்றும் நாள். அம்மன் கோயில் வாசலில் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்று, “உங்களத் திட்டி எழுதியிருக்கேன். கேக்குறீங்களா?” என்றார். அவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து ஸ்டூலைக் கொடுத்தார். இவர் நின்றபடியே படித்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பிரசவித்த வீடுகள், தூங்க முடியாத நோயாளிகள், இத்தனை பேரின் காதைப் பிடுங்கித்தான் ஒரு தாய்க்குப் படையல் வைக்கவேண்டுமா என்று முடிந்தது கட்டுரை.

சவுண்டு சர்வீஸ்காரர் கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார். “சூப்பரா இருக்குது மேடம். ஆனா இது புக்குல வந்து இந்த ஊருல எவன் படிக்கப்போறான்? இந்தாங்க.” மைக்கை எடுத்து நீட்டினார். “இதுல படிங்க. நாலு தெருவுக்குக் கேக்கட்டும்.”

அக்கா சற்று யோசித்தார். பிறகு வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கிக்கு எதிரான கட்டுரை ஒலிபெருக்கியில் நாலு தெருவுக்கும் முழங்கியது. கூழுக்குச் சொம்போடு நின்ற பெண்கள் கைதட்டினார்கள். விழாக் கமிட்டித் தலைவர் வந்து, “மேடம் அருமையாப் பேசுறாங்க. அடுத்த வருஷமும் கூப்புடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, பாட்டைப் போடச் சொன்னார். சத்தம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. கட்டுரையின் கடைசியில் இதையும் சேர்த்து எழுதினார். தான் தோற்ற இடத்தை ஒளிக்காமல் எழுதும்போது அவர் வாக்கியங்கள் குட்டையாகிவிடும். அவற்றை அடிக்கும்போது என் விரல்களுக்கே அது தெரியும்.

‘சாப்டாச்சா?’ என்று ஊரே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. அடுத்தவர் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் என்று எழுதி, எதிர்வீட்டு அம்மாவிடம் படித்துக்காட்டினார். அந்தம்மா பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப இன்னும் சாப்புடல போலருக்குது” என்று உள்ளே போய் இரண்டு இட்லி எடுத்துவந்தார். அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அந்தக் கட்டுரை வெளிவந்தது. இட்லி நன்றாக இருந்தது என்ற வரியோடு.

அவர் நாத்திகரா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை. பெரிய கோயிலுக்குப் போவார். “சாமி இருக்கா இல்லையாங்கறது என் கவலை இல்ல. அவருக்கு முன்னாடி ஒரே வரிசையா, ரெண்டு வரிசையாங்கறதுதான் என் கவலை” என்பார். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டால், “இன்னிக்கு இந்த ஊருல யாருக்குப் பல்லு வலியோ, அவங்க பேருக்குப் பண்ணிடுங்க” என்பார். முதல் தடவை முறைத்த அர்ச்சகர், பிறகு அவரைக் கண்டாலே, “பல்வலிக்குத்தானே?” என்று கேட்டுத் தட்டை வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்.

தொழிற்பேட்டைக்கு ஒருநாள் அழைத்துப்போனேன். என் அண்ணி அங்கே ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மை வேலை பார்க்கிறவர். ஒரு பக்கம் பலகை நிறைய ஃபியூஸ் கட்டைகள், மறுபக்கம் பலகை நிறைய ஈரப் பிள்ளையார்கள். அச்சிலிருந்து எடுத்த பிள்ளையாருக்குப் பக்கவாட்டில் ஒட்டுக்கோடு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அண்ணியின் வேலை.

அக்கா இரண்டு பலகைக்கும் நடுவில் நின்று பார்த்தார். “ஒரே மண்ணு. ஒண்ணு கரண்ட்ட தடுக்குது, இன்னொண்ணு கஷ்டத்த தடுக்குமாம். எதுக்கு கியாரண்டி குடுக்கறீங்க?”

அண்ணி நிமிராமல் சொன்னார்: “ஒடையறவரிக்கும் ரெண்டுக்கும் கியாரண்டிதான் மேடம்.”

இப்படித்தான் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது.

பிறகு அந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் ஓர் இடி விழுந்தது. அண்ணன் மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். அண்ணனும் பங்காளிகளும் வண்டி எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக இறங்கித் தேடினார்கள். கிடைத்தால் பேசிக் கூட்டிவரத் தேடுகிறவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் முகம் அப்படி இல்லை. நான் பேச வாயெடுத்தபோது அண்ணன், “நீ கவித எளுதுற வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அண்ணி கடைக்கு வந்தார். முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். மூலையில் அக்கா அச்சுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அண்ணி அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நம்ம அக்காதானே அண்ணி. சொல்லுங்க” என்றேன்.

“கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும் வசந்தி. என் எளுத்து எனக்கே புரியாது, சாமிக்கு எப்பிடிப் புரியும்? நீ எளுது.”

எங்கள் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும், நகை திருட்டுப் போனாலும், கட்டியவன் வீட்டுக்கு வராமல் போனாலும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஸ்டேஷனில் கொடுக்கும் புகார் மாதிரியேதான், இன்னார் எழுதிக்கொள்வது என்று. அதை வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். காரியம் முடிந்ததும் மறக்காமல் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும். முடிந்த வழக்கைச் சாமியின் தலையில் சும்மா சுமத்திவைக்கக் கூடாது.

வெள்ளைத்தாள் எடுத்தேன். அண்ணி நின்றுகொண்டே சொன்னார்.

“ஐயா, எம் பொண்ணு அவளுக்குப் புடிச்ச பையனோட போயிட்டா. எங்க வூட்டுக்காரரும் பங்காளிங்களும் ஊரு ஊராத் தேடுறாங்க. அவ திருப்பூருல ஒரு கம்பெனில இருக்குறா. யாரு போனுலேருந்தோ ஒரு தடவ பேசுனா. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப ஒனக்கும் தெரியும். ஐயா, காணாமப் போனதயெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்குற சாமி நீ. எம் பொண்ண மட்டும் யாரும் கண்டுபுடிக்கக் கூடாது. கண்டுபுடிக்காம நீதான் பாத்துக்கணும். அவங்கப்பன் கோவம் ஆறுனதும் நானே வந்து பிராத எடுத்துக்குறேன்.”

அக்கா பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அண்ணி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். வெகுநேரம் கழித்து அக்கா பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

“கண்டுபிடிச்சுக் குடுக்கற சாமிகிட்ட, கண்டுபிடிக்காதேன்னு ஒரு மனு. இப்படி ஒரு வரி நம்ம ஜென்மத்துக்கு வருமா கவிஞரே?”

நான் திரும்பி, பாதியில் நின்ற கல்யாணப் பத்திரிகையை அடிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் கட்டுரையோடு வந்தார். அடித்தேன். அடிக்க அடிக்க, என் இரண்டு கைகளும் இரண்டு ஆட்களுடையவை போல ஆகிவிட்டன. ஒரு கை அந்த எழுத்தைக் கும்பிட்டது. மற்றொரு கைக்குப் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. அதுவரை அவர் எழுதியதிலேயே அதுதான் உச்சம். ‘பிரார்த்தனையைப் பிச்சை என்று இத்தனை நாள் எழுதிவந்தேன். இது பிச்சையில்லை, காவல் நிலையம் செய்ய வேண்டிய வேலையைக் கடவுளிடம் ஒப்படைக்கும் ஒரு குடிமகளின் ஆணை’ என்று ஓரிடத்தில் வந்தது. அதற்குக் கீழே, அண்ணி சொன்னது அப்படியே இருந்தது.

“அக்கா, இது வந்தா...”

“பேர் எதுவும் இல்லையே.”

“திருப்பூர் இருக்கே.”

“அது போச்சுன்னா அந்த வரியில உயிர் போச்சு. நீ ஏன் பதறற? முதல் பிரதி உங்க அண்ணி காதுக்குத்தானே? எழுந்திரு, யூனிட்டுக்குப் போலாம்.”

வழியெல்லாம் நான் பேச்சை ஆரம்பிக்க, ஆட்டோ சத்தம் அதைத் தின்றுகொண்டே வந்தது. யூனிட்டில் மண் அரைக்கும் மில் உருண்டுகொண்டிருந்தது. அண்ணியோடு வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் கடைசி ஆள், அச்சுக் கழற்றிக்கொண்டிருந்தவள், அண்ணனோடு வண்டியில் தேடப் போகிற பங்காளி ஒருவரின் மருமகள். இது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

“உங்களப் பத்தி எழுதியிருக்கேன்” என்றார் அக்கா. மில் சத்தத்தை ஜெயிக்கவேண்டும் என்று குரலை மேடைக்கு ஏற்றிக்கொண்டார். நான் அவர் முழங்கையைப் பிடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். “‘ஐயா, எம் பொண்ண மட்டும் யாரும்’...”

அண்ணி எழுந்ததை நான் பார்க்கவில்லை. ஈர மண் கை அக்காவின் வாயில் அறைந்தாற்போல் விழுந்து, அங்கேயே நின்றது.

வரிசையில் எல்லாக் கத்திகளும் நின்றன. மில் மட்டும் உருண்டது.

“இன்னாக்கா, இன்னா படிக்குது அந்தம்மா?” என்று கேட்டாள் கடைசியில் இருந்தவள்.

அண்ணி கையை எடுக்காமலே திரும்பினார். “இன்சூரன்ஸுடி. நேத்துலேருந்து வுட மாட்டேங்குது. பொண்ணு பேருல போடு, பையன் பேருல போடுன்னு உசுர வாங்குது. நீ சேர்றியா? ஒன் பேர எளுதிக்கச் சொல்லவா?”

“ஐய, நமக்கு வேணாம்பா” என்று அவள் அவசரமாக அச்சுக்குத் திரும்பினாள்.

பின்பக்கம், உடைந்த கப்புகளும் கை போன பொம்மைகளும் குவிந்து கிடக்கும் இடத்துக்கு மூவரும் போனோம். அக்காவின் வாயைச் சுற்றி வெள்ளையாக விரல்கள் பதிந்திருந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. யார் அந்தப் பெண் என்று நான் காதோடு சொன்னேன். அவர் முகம் வெளிறியது அந்த மண்ணையும் மீறித் தெரிந்தது.

நியாயமாக அங்கேயே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் அவராகத்தான் இருந்தார். எழுதியாகிவிட்டது; கேட்கவேண்டியவர் கேட்டாகவேண்டும். அண்ணியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் காதுக்கு அருகில் வாயை வைத்து, கிசுகிசுப்பாக முழுக் கட்டுரையையும் படித்தார். நாலு தெருவை நிறைத்த குரல் ஒரு காது மடலுக்குள் அடங்கியது. எனக்கே கேட்கவில்லை. உதடு அசைவது தெரிந்தது; காய்ந்த மண் உதடுகளின் ஓரத்தில் செதில் செதிலாக உதிர்வது தெரிந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஓரிடத்தில், “அத இன்னொரு வாட்டி படி மேடம்” என்றார். அக்கா திரும்பப் படித்தார்.

முடிந்ததும் அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“நான் சொன்னதா இது? நல்லா இருக்குது. ஆனா வேணாம் மேடம்.”

“ஏன்?” அக்காவின் கிசுகிசுப்பிலும் கோபம் இருந்தது. “எத்தன அம்மாங்க இத படிச்சா தைரியமாவாங்க தெரியுமா?”

“ஆவட்டும். அவங்களுக்கெல்லாம் நீ வேற ஏதாவது எளுது. எனக்கு இருக்குறது ஒரு பொண்ணு.”

“திருப்பூர எடுத்துடறேன்.”

“கொளஞ்சியப்பரு இருக்குறாரே.”

“அவரையும் எடுத்துடறேன். இந்த ஊரே இருக்காது. போதுமா?”

“நான் சொன்னது இருக்குதே மேடம். கண்டுபுடிக்காதன்னு சாமிகிட்டயே போயி சொல்லுறவ எவன்னு எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதா? இத்தினி வருஷம் என் வாயில வாங்கிக் கட்டிக்கிட்டவரு.”

அந்தக் கட்டுரையின் உயிரே அந்த ஒரு வரிதான். அந்த வரியில் அண்ணியின் முகம் அப்படியே இருந்தது. அதை மறைத்தால் கட்டுரை இல்லை; மறைக்காவிட்டால் பெண் இல்லை. அக்கா தாள்களை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

“சரி” என்றார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்தார்.

அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் என்று எழுதினால் பொய். கடைக்கு வந்ததும், “அழி” என்றார். அழித்தேன். “கம்ப்யூட்டர்ல குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்குமே, அதுலயும் அழி.” அழித்தேன். கையெழுத்துத் தாள்களைக் கிழித்து, என் கடைக் குப்பைக்கூடையை நம்பாமல், தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பத்திரிகையிலிருந்து ஆசிரியர் போனில் கூப்பிட்டார். “இந்த வாரம் கிடையாது. சம்பந்தப்பட்டவங்க வேணாம்னுட்டாங்க” என்று அக்கா சொல்ல, அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. கடைசி நேரத்தில் பக்கம் காலி. அவசரத்துக்கு அதில் ராசிபலன் போட்டார்கள். வாசகர்களுக்கு ராசிபலன் பிடித்துப்போனது. அந்தப் பக்கம் அவருக்குத் திரும்பிவரவே இல்லை.

“உங்க அண்ணி என்னைய ராசிபலனுக்குப் பலி குடுத்துட்டா” என்று மாசக்கணக்கில் புலம்பினார். தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று வாராவாரம் என்னிடமே வாங்கிப் படித்து, அதன் தமிழைத் திட்டினார். அண்ணி ஒருநாள் வந்து, “மேடம், எங்க மொதலாளியப் பத்தி எளுதுறீங்களா? நானே சொல்றேன், எத்தினி பக்கம் வேணுன்னாலும் சொல்றேன்” என்றபோதுதான் பழைய சிரிப்பு வந்தது. பிறகு வேறு சிறு பத்திரிகைகளில் எழுதினார். எதிலும் பிராது வரவில்லை. வேல் வரவில்லை. ஒரு தாய் வரவில்லை. அவர் கட்டுரைகள் எல்லாவற்றையும் அடித்தவள் நான், எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த கோடையில் கணவருக்கு மறுபடி சென்னைக்கே மாற்றல் வந்து போய்விட்டார்கள். போன பிறகும் வாராவாரம் போனில் பேசுவார். வெயிலைப் பற்றி, மெட்ரோ ரயிலில் காலை நீட்டுகிறவர்களைப் பற்றி, என் கவிதையில் நிலா ஒழுங்காக வேலைக்கு வருகிறதா என்பதைப் பற்றி எல்லாம் கேட்பார். ஒன்றை மட்டும் கேட்கமாட்டார். நானும் சொல்லவில்லை. ஊரில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் மூக்கை நீட்டிய ஒருவர், ஒரே ஒரு கதவின் முன்னால் மட்டும் அத்தனை காலம் முதுகைக் காட்டி நின்றார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அண்ணன் கோபம் ஆற நாளானது. பங்காளிகள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, “அது எங்கயாவது நல்லா இருக்குதாமா?” என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறான். அண்ணி மோரை ஊற்றிவிட்டு, “இருக்கும்” என்றாராம். கைக்குழந்தையோடு அவள் வந்து இறங்கி, அண்ணன் அந்தக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் அண்ணி மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு காலமாக அடக்கிவைத்த சத்தமோ அது.

“இப்ப எழுதலாமேக்கா” என்றேன்.

“அழிச்சதுதான் அழிச்சாச்சே. உன்னால முடிஞ்சா நீ எழுது. உங்க அண்ணிகிட்ட கேட்டுட்டு எழுது.”

கேட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அண்ணிக்குப் படித்துக்காட்டினேன்; மகளுக்கும். “இன்சூரன்ஸ வுட்டுடாத” என்றார் அண்ணி. மகள் தன் பெயரை மட்டும் வேண்டாம் என்றாள். அண்ணன் பக்கத்து அறையில் செய்தி பார்ப்பதுபோல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான். அக்காவின் காதுக்கு முதல் பிரதி கொடுக்க வழியில்லை. கேட்டு, சரி என்று அவர் சொல்லாதபோது, அவர் பெயரை அச்சில் ஏற்ற எனக்கு உரிமையில்லை.

அவர்கள் சென்னைக்குத் திரும்பிப்போன அன்று, ரயில் ஏற்றிவிட நான் போயிருந்தேன். பகல் ரயில். கணவர் உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாட்பாரத்துக் காப்பியைப் பற்றியும், அறிவிப்புக் குரலின் உச்சரிப்பைப் பற்றியும், வழியனுப்ப வருகிறவர்கள் ஏன் எல்லோரும் ஒரே மாதிரி கையசைக்கிறார்கள் என்பதைப் பற்றியும் ஜங்ஷன் முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். என் பெண்ணைப் போல நான் தூக்கி வளர்த்தவளை அவர் காப்பாற்றிக் கொடுத்திருந்தார். அவள் அப்போதும் எங்கேயோ பத்திரமாக, கண்டுபிடிக்கப்படாமல் இருந்தாள். நன்றி என்று எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி ஓர் இழுப்பு இழுத்தது. அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, அன்று யூனிட்டுக்குப் பின்னால் கேட்ட அதே சின்னக் குரலில் சொன்னார்:

“அந்தப் பொண்ணு போன் பண்ணா எனக்குச் சொல்லிடாத கவிஞரே. எனக்கு வாய் நிக்காது.”